தலைகீழாக நட்ட எலுமிச்சம்புல்

தாய்லாந்தில் எங்கள் முக்தாஹானில் ஒரு கல்யாணம் கூடிவந்தால், விகாரைக்குப் போய்ப் பிக்குவிடம் நாள் குறித்த கையோடு லம்யாய் வீட்டுக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள். பந்தல்காரன், பாட்டுக்காரன், சமையல்காரன் எல்லாம் அதற்கு அப்புறம்தான். லம்யாய் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டால் பிக்கு குறித்த நாளையே மாற்றிவிடுவார்கள். பிக்குவும் கோபித்துக்கொள்ள மாட்டார். மழை வந்தால் அவரும்தானே நனைய வேண்டும்.

விஷயம் இதுதான். விசேஷத்தன்று மழை வரக் கூடாது என்றால் எங்கள் பக்கத்தில் ஆண்வாடையே படாத ஒரு பெண்ணைக் கூட்டிவந்து, திறந்தவெளியில் எலுமிச்சம்புல்லை நடச் சொல்வோம். தலைகீழாக நட வேண்டும். இலை மண்ணுக்குள், வேர் வானத்தைப் பார்த்து. மந்திரம் கிடையாது, செலவு கிடையாது. புல் எல்லார் வீட்டுப் பின்கட்டிலும் இருக்கிறது. கஷ்டமெல்லாம் அந்தப் பெண்ணைக் கண்டுபிடிப்பதில்தான்.

வயசுப் பெண்ணைக் கூப்பிட்டால் வர மாட்டாள். ஒருத்திக்கு அன்றைக்குப் பார்த்துப் பாங்காக்கில் வேலை வந்துவிடும். இன்னொருத்திக்கு வயிற்றுவலி. நட்ட பிறகு மழை வந்துவிட்டால் ஊர் அவளை மேலும் கீழும் பார்க்குமே, அதற்குப் பயம். வானத்தை நம்பி மானத்தை அடகு வைக்க எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு வரும்?

லம்யாய்க்கு அந்தப் பயம் இல்லை. ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், மேகோங் ஆற்றங்கரைச் சாலையில் சலவைக்கடை வைத்திருப்பவள். ஒல்லியான உடம்பு, தோய்த்துத் தோய்த்து வெளுத்துப்போன கைகள். இளவயதில் அவளைக் "கரையேத்திப் போட்ட படகு" என்று ஊரே கேலி பேசியது. கல்யாணம் ஆகாமல் நின்றுவிட்ட பெண்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், நல்ல எண்ணத்தில் சொல்வதில்லை. ஒரு தடவை யாரோ ஒருவர் வேறு ஆள் கிடைக்காமல் அவளைக் கூட்டிப்போய் நடச் சொன்னார்கள். மழை வரவில்லை. அடுத்த கல்யாணத்துக்கும் வரவில்லை. அன்றிலிருந்து வட்டாரத் தலைவரே அவளைக் கண்டால் கைகூப்புகிறார். எந்த விருந்தானாலும் முன்வரிசையில் நாற்காலி, வாத்துத் தொடை அவளுக்கு. படகு என்று சொல்ல ஒரு வாய்க்கும் தைரியம் இல்லை.

இதில் ஊருக்குத் தெரியாத சமாச்சாரம் இரண்டு.

ஒன்று, லம்யாய் சலவைக்காரி. துணி காய வேண்டுமே என்று தினமும் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு, எந்த மேகம் பெய்யும், எந்த மேகம் சும்மா பூச்சாண்டி காட்டிவிட்டுப் போகும் என்று ஓரளவு தெரியும். சந்தேகமான நாளாக இருந்தால் "எனக்கு அன்னிக்குத் தீட்டு" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாள். வயது ஏற ஏற அந்தச் சாக்கு செல்லவில்லை. போன வருஷம் ஒரு கிழவி விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டு, "உனக்கு இன்னுமாடி நிக்கல?" என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு தலைவலி.

இரண்டாவது சமாச்சாரம் புன்மா. சுற்றுலா பஸ் ஓட்டுகிறவர். மனைவி இறந்து ரொம்ப நாளாகிறது, பிள்ளை ரயோங்கில் மீன் வியாபாரம். பெரிய வெள்ளம் வந்த வருஷம் பஸ் சீட் உறைகளைத் துவைக்கக் கொண்டுவந்தவர், உறை காயும்வரை காத்திருக்கிறேன் என்று உட்கார்ந்தார். அன்றைக்கு உறை காயவே இல்லை. அப்புறம் வாரம் தவறாமல் உறை கொண்டுவந்தார். எங்கள் ஊரில் இவ்வளவு சுத்தமான சீட் உறை போட்ட பஸ் வேறு கிடையாது. அதைப் பார்த்தும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை பாருங்கள், அந்த அளவுக்கு லம்யாய் மேல் நம்பிக்கை.

அவளுக்கும் முதலில் பயம்தான். வெள்ளம் வடிந்த பிறகு வந்த முதல் கல்யாணத்தில் மேலே பார்த்துப் பார்த்து நட்டாள். வானம் கண்ணாடி மாதிரி கிடந்தது. அடுத்ததிலும் அப்படியே. வானத்துக்குக் கண் தெரியவில்லை என்று புரிந்துகொண்டு நிம்மதியானாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் மண் போட்டது பிரனோம். வட்டாரத் தலைவரின் மனைவி. குரல் அக்கரை லாவோஸ்வரை கேட்கும். அவளுடைய மூத்த மகன் கொப், எங்கள் ஊர்ச் சந்தையில் துணிக்கடையில் வேலை பார்த்த தியெப் என்ற வியட்நாம் பெண்ணைக் கட்டிக்கொள்வதாக முடிவாகியிருந்தது. கல்யாணம் பெண் வீட்டில், ஹுவே நகரத்தில். தண்ணீர் விளக்கு மிதக்கவிடும் பண்டிகை முடிந்து, எங்கள் பக்கம் மழையெல்லாம் ஓய்ந்து, நெல் அறுத்து, குளிர்காற்று வீசத் தொடங்கிய மாசம். பிரனோம் சலவைக்கடைக்கு வந்து, "நீயும் பஸ்ஸுல வர்ற. முன் சீட்டு உனக்கு" என்றாள்.

"இந்த மாசம் மழையே இல்லையே அக்கா. நான் எதுக்கு?"

"இருக்கட்டும்டி. மாப்பிள்ளை ஊர்வலம், மேளம், தட்டு, ஆட்டம் எல்லாம் தெருவுலதான். வெளியூர்க்காரங்க முன்னாடி நனைஞ்ச கோழி மாதிரி போய் நிக்க முடியுமா?"

லம்யாய்க்கு ஆசை வந்துவிட்டது. ஆறு தாண்டி லாவோஸ் சந்தைக்குப் போனதோடு அவளுடைய வெளிநாடு முடிந்திருந்தது. பஸ் ஓட்டப்போவதும் புன்மா. சரி என்று தலையாட்டினாள்.

அன்று சாயங்காலம் புன்மா உறைகளோடு வந்தபோது விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஹுவேயா? இந்த மாசமா? மலைக்கு இந்தப் பக்கம் மழை விட்டா அந்தப் பக்கம் அப்பத்தான் தொடங்கும். அந்த ஊர் வானத்துக்கு மூடியே கெடையாது. பிரனோம் அம்மாகிட்ட சொன்னேன், 'டிரைவர் பஸ்ஸைப் பாத்தா போதும்'னுட்டாங்க."

மலைக்கு அந்தப் பக்கத்து வானத்தை லம்யாய் பார்த்ததே இல்லை.

"இப்ப வரலன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"ஏன்னு கேப்பாங்க." புன்மா உறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார். "நானும் ஒண்ணு சொல்லணும். இந்தப் பயணத்தோட பஸ்ஸை விடறேன். கண்ணு சரியில்ல. ரயோங்குக்குப் பிள்ளைகிட்ட போயிடலாம்னு இருக்கேன். நீ சொன்னா இங்கயே இருப்பேன். ஆனா எல்லாருக்கும் தெரிய இருக்கணும். செருப்பைக் கையில தூக்கிட்டுப் பின்வாசல் வழியா வர்ற வயசா எனக்கு?"

"ஊர் என்ன சொல்லும்?"

"என்ன சொல்லும். நாற்காலியைப் பின்வரிசையில போடும்."

அவருக்கு அது சின்ன விஷயம். நாற்காலி போனால் மறுபடி படகுதான் என்பது லம்யாய்க்குத்தான் தெரியும். உறைகளை ஊறப்போட்டாள்.

புறப்பட்ட நாளில் மடியில் ஈரத்துணி சுற்றிய எலுமிச்சம்புல் கட்டோடு முன் சீட்டில் உட்கார்ந்தாள். கட்டில் விகாரையில் வாங்கிய வெள்ளை நூல் சுற்றி முடிச்சு போட்டிருந்தது, அது அவளுடைய வழக்கம். பின் சீட்டில் பிரனோமின் நாத்தனார் சுமாலீ. அடுத்தவர் குடும்பத்து நல்லது கெட்டது அந்தக் குடும்பத்துக்கு முன்பே அவளுக்குத் தெரியும். பக்கத்தில் அவளுடைய மகள் பிம், நர்சிங் படிக்கிறவள், ஏறினதிலிருந்து போனைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

மேகோங் பாலம் தாண்டி லாவோஸில் நுழைந்ததும் லம்யாய் ஒரு திட்டம் போட்டாள். புல் தொலைந்துபோனால்? "நம்ம ஊர்ப் புல்லு இல்லாம நான் என்ன பண்றது?" என்று கையை விரித்துவிடலாமே. சவன்னகேட்டில் சாப்பிட நிறுத்தினபோது புல்லுக்கட்டை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள். பஸ் கிளம்பியதும் சாப்பாட்டுக்கடைக்காரி தலைதெறிக்க ஓடிவந்து கதவைத் தட்டிக் கட்டைக் கொடுத்தாள். பஸ்ஸே அவளுக்குக் கைதட்டியது. லம்யாய் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

வியட்நாம் எல்லையில் இன்னொரு நம்பிக்கை பிறந்தது. செடிகொடி கொண்டுவரக் கூடாது என்று சுவரில் படம் போட்டிருந்தது. லம்யாய் புல்லைப் பையின் மேலேயே தெரியும்படி வைத்தாள். அதிகாரி எடுத்து முகர்ந்து பார்த்தார். காதலித்த காலத்தில் கொஞ்சம் வியட்நாமியப் பேச்சுக் கற்றுக்கொண்ட மாப்பிள்ளை கொப்தான் மொழிபெயர்த்தான்.

"சமைக்கவான்னு கேக்கறாரு பெரியம்மா."

"இல்ல, நடறதுக்குன்னு சொல்லு. நடறதுக்கு. செடி."

கொப் என்ன சொன்னானோ, அதிகாரி சிரித்துவிட்டுக் கட்டைத் திருப்பிக் கொடுத்தார். "பன்னிக்கறிக்கு ரொம்ப நல்லாருக்கும்னு சொல்றாரு" என்றான். ஒரு நாட்டின் சர்க்கார் கூட அவளைக் கைவிட்டுவிட்டது.

லாவோஸ் முழுக்கப் புழுதி. கணவாய் ஏறும்வரை வெயில் கண்ணைக் குத்தியது. இறங்கத் தொடங்கியதும் யாரோ சீலையை இழுத்து மூடினமாதிரி வெளிச்சம் போய்விட்டது. புன்மா வைப்பரைப் போட்டார். கண்ணாடி வழியாக லம்யாயைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

"பனி" என்றாள் பிரனோம்.

"கண்ணாடியில வழியுதே அண்ணி" என்றாள் சுமாலீ.

"பெரிய பனி."

ஹுவே வந்து சேர்ந்தபோது தூறிக்கொண்டிருந்தது. ஒரு சந்திலிருந்த ஓட்டலில் பெட்டிகளைப் போட்டுவிட்டு, அதே சந்தின் மறுகோடியில் இருந்த பெண் வீட்டுக்கு எல்லாரும் போனார்கள். பெண்ணின் அம்மா மாய், குட்டையான, சுறுசுறுப்பான மனுஷி, வந்தவர்களுக்கு டீ கொடுத்துவிட்டு மறுநாள் சமையலுக்கு எலும்பு வேகவைக்க அடுப்படிக்குப் போய்விட்டாள். பிரனோம் லம்யாயை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அடுப்படிச் சுவரோரம் எலுமிச்சம்புல் புதர் புதராக வளர்ந்திருப்பதைப் பார்த்ததும் லம்யாய்க்கு அழுகை வந்தது. சவன்னகேட்டிலேயே தொலைத்திருந்தாலும் தப்பித்திருக்க முடியாது.

முற்றத்து நடுவில் குழி தோண்டி, இலையை மண்ணில் புதைத்து, வேரை வானத்துக்குக் காட்டி நட்டாள். கண்ணை மூடி, 'தெரியாத ஊரு, தெரியாத வானம், மானத்தை வாங்காதே' என்று வேண்டிக்கொண்டாள். நம்ப மாட்டீர்கள், அவள் முட்டிக்காலிலிருந்து எழுந்திருக்குமுன் தூறல் நின்றது. மேகம் விலகி ஒரு துண்டு நீலம் தெரிந்தது.

பிரனோம் குதித்தாள். "பாத்தியாடி சுமாலீ. எங்க போனாலும் நம்ம சரக்கு நம்ம சரக்குதான்."

சுமாலீகூட லம்யாய்க்குக் கைகூப்பினாள். லம்யாய்க்கே தன் மேல் ஒரு பக்தி வந்துவிட்டது. பட்டுச்சட்டை வாங்கித் தருகிறேன், பட்டுப்பாவாடை வாங்கித் தருகிறேன் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். திரும்பி நடக்கும்போது புன்மா பக்கத்தில் வந்தார்.

"நின்னுடுச்சு பாத்தீங்களா?" என்றாள் அவள் மெதுவாக.

"நிக்கல. மூச்சு வாங்குது" என்றார் அவர். "அப்ப நான் ரயோங்குக்குப் போயிட வேண்டியதுதான் போல."

அவள் நடையை எட்டிப் போட்டாள். நாற்காலி இன்னும் முன்வரிசையில் இருந்தது.

விடிந்தபோது காது அடைத்தது. முதலில் லாரி போகிறதோ என்று நினைத்தாள். ஜன்னலைத் திறந்தால் வெளியே எதுவுமே தெரியவில்லை, தண்ணீர் மட்டும். மேலிருந்து கொட்டியது, பக்கவாட்டில் அடித்தது, சந்தில் கணுக்காலுக்கு மேல் ஓடியது. ஒற்றைச் செருப்பு ஒன்று யாரையும் எதிர்பார்க்காமல் மிதந்து போனது.

ஓட்டல் முன்கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் பட்டும் ஜரிகையுமாக உட்கார்ந்திருந்தார்கள். தட்டுகள் தயார். நீள மேளம் தயார். நல்ல நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. லம்யாய் படியிறங்கி வந்தாள். நேற்று கைகூப்பினவர்கள் எல்லாரும் இன்று அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்கள், காலிலிருந்து நடுவில் வந்து நிறுத்தினார்கள்.

"புல்லு மேல தப்பு இல்ல" என்றாள் சுமாலீ பொதுவாக. "நம்ம ஊர்ப் புல்லு. நல்ல புல்லு."

பிரனோம் தொண்டையைச் செருமினாள். "லம்யாய், எங்கிட்ட சொல்ல வேண்டியது எதாவது இருக்கா?"

லம்யாயிடம் பதில்கள் தயாராக இருந்தன. வெளிநாட்டு வானத்துக்கு நம் பாஷை தெரியாது. கண் பட்டுவிட்டது. எல்லை தாண்டினதில் புல் வாடிவிட்டது. இதில் எதைச் சொன்னாலும் பாதிப்பேர் நம்புவார்கள். வாயைத் திறந்தாள். அதற்குள் சுமாலீ முந்திக்கொண்டாள்.

"அண்ணி, நேரம் போகுது. என் பொண்ணு நடட்டும். இருபது வயசு, பூவாட்டம் வளத்திருக்கேன். இவ நட்டா அஞ்சு நிமிஷத்துல வெயில் அடிக்கும். ஓட்டல் வாசல் தொட்டியிலயே மண்ணு இருக்கு. எழுந்திரு பிம்."

பிம் எழுந்திருக்கவில்லை. போனைக் கவிழ்த்துவைத்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. அம்மாவைப் பார்க்கவில்லை, பிரனோமைப் பார்க்கவில்லை, என்னமோ லம்யாயைப் பார்த்தாள். வெள்ளம் வடிந்த பிறகு கண்ணாடியில் தான் பார்த்த அதே முகம் என்று லம்யாய்க்குத் தெரிந்துவிட்டது.

"காய்ச்சல் மாதிரி இருக்கும்மா" என்றாள் பிம்.

"காய்ச்சலும் இல்ல கருமாந்தரமும் இல்ல. எழுந்திருடி. பெரியவங்க எல்லாம் பாக்கறாங்க இல்ல?"

மழை இப்போது நிற்காது. புன்மா சொன்னார், லம்யாயின் மூக்கும் சொன்னது. பிம் நட்டால் நனையப்போவது அந்தப் பெண்தான், ஊர் திரும்பி ஆயுசு முழுக்க.

"அவளை விடு" என்றாள் லம்யாய்.

"நீ பேசாதே" என்றாள் சுமாலீ.

"இத்தனை வருஷம் பேசாமத்தானே இருந்தேன். பிரனோம் அக்கா, சொல்ல வேண்டியது இருக்கான்னு கேட்டீங்களே, இருக்கு. நானும் புன்மாவும் பெரிய வெள்ளம் வந்த வருஷத்துலேருந்து ஒண்ணாத்தான் இருக்கோம்."

வாசலோரம் நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த புன்மா மெல்லுவதை நிறுத்தினார்.

"ஒண்ணான்னா?" என்றாள் பிரனோம்.

"ஒண்ணான்னா ஒண்ணாத்தான். சீட் உறை துவைக்க மட்டும் வாராவாரம் ஒரு மனுஷன் வருவாரா?"

கூடத்தில் யாரோ "அதானே பாத்தேன்" என்றார்கள். எதையும் பார்த்திருக்கவில்லை, சும்மா சொன்னார்கள்.

"அப்போ," பிரனோம் நெஞ்சில் கைவைத்தாள், "அப்போ என் பொண்ணு கல்யாணத்துக்கு நட்டியே?"

"அன்னிக்குக் காலையில இவர் என் வீட்டுலதான் கஞ்சி குடிச்சாரு. அதே கையால வந்து நட்டேன். ஒரு சொட்டு விழுந்துதா? சுமாலீ, உன் மச்சினன் பிக்கு ஆனப்ப நட்டேன். பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு நட்டேன். யாரு நனைஞ்சீங்க? நான் துணி காயப்போடறவ. வானத்தைப் பாத்துட்டு நடுவேன், அவ்வளவுதான். மழைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அந்தப் பொண்ணைத் தொட்டிக்குள்ள தள்ளாம உக்காருங்க."

நாற்காலி, வாத்துத் தொடை, வட்டாரத் தலைவரின் கும்பிடு எல்லாம் வாசலில் ஓடின தண்ணீரோடு போவது அவளுக்குத் தெரிந்தது. வருத்தமாகத்தான் இருந்தது. சுமாலீ உட்கார்ந்துவிட்டாள். பிம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி போனை எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு மாய் வந்தாள். பட்டுடையை முழங்கால்வரை மடித்துக் கட்டியிருந்தாள், தோளில் மூட்டையாகப் பிளாஸ்டிக் மழைக்கோட்டுகள். ஏன் எல்லாரும் எழவு வீட்டில் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. மாப்பிள்ளையைப் பிடித்துப் படபடவென்று பேசினாள்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் பிரனோம்.

கொப் நெளிந்தான். "எதுக்குக் காத்திருக்கீங்கன்னு கேக்கறாங்க. மழை நிக்கட்டும்னேன். மழை நிக்கணும்னா இந்த ஊர்ல ஒருத்தருக்கும் கல்யாணமே ஆயிருக்காதாம். அவங்க கல்யாணத்துக்கு மாமனார் வீட்டு மாடி ஜன்னல் வழியா படகுலேருந்து எறங்கினாங்களாம். நேரத்துக்கு வரலன்னா பொண்ணு தூங்கிடும்கறாங்க."

மழைக்கோட்டுகளை அவளே விநியோகித்தாள். அந்த ஊர் மோட்டார்சைக்கிளில் இருவர் போவதற்கென்று தைத்தவை. ஒரே கோட்டு, தலைக்கு இரண்டு துவாரம், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. பிரனோமும் சுமாலீயும் ஒன்றுக்குள் போனார்கள், உள்ளேயிருந்து முழங்கைச் சண்டை நடப்பது வெளியே தெரிந்தது. மேளக்காரன் ஒரு தலையை மேளத்துக்குக் கொடுத்தான்.

புன்மா ஒன்றைப் போட்டுக்கொண்டார். பின்பக்கத் தலை காலியாக முதுகில் தொங்கியது. அவர் கூப்பிடவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. வாழைப்பழத் தோலை எங்கே போடுவது என்று தேடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். லம்யாய் போனாள். எல்லாரும் பார்க்க, குனிந்து கோட்டைத் தூக்கி உள்ளே புகுந்து தலையை வெளியே நீட்டினாள்.

"இடிக்காம நடங்க" என்றாள்.

"சரி" என்றார்.

ஊர்வலம் போயிற்று. தட்டுகள் மேல் பிளாஸ்டிக், மாப்பிள்ளை மேல் பிளாஸ்டிக். மேளம் தொபுக் தொபுக் என்று தண்ணீரில் விழுந்தது போல் கேட்டது. எங்கள் பெண்கள் ஆடாமல் இருப்பார்களா? இரண்டு தலையும் நாலு காலுமாகச் சந்து முழுக்கத் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு ஆடினார்கள். ஹுவே ஜனங்கள் ஜன்னலைத் திறந்துவைத்துப் பார்த்துச் சிரித்தார்கள். சடங்கெல்லாம் நல்ல நேரத்துக்குள் முடிந்தது. பெண் தூங்கியிருக்கவில்லை.

பிறகு சாப்பாடு. பெரிய சட்டியிலிருந்து மாட்டெலும்புக் குழம்பு ஊற்றிக் கிண்ணம் கிண்ணமாக நூடுல்ஸ் வந்தது. பிரனோம் முன் மேஜையில் சம்பந்தியோடு உட்கார்ந்தாள். லம்யாய்க்கு அங்கே நாற்காலி போடவில்லை. அவளாகவே போய்ப் பின்வரிசையில் புன்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். குழம்பு சூடாக, காரமாக, அருமையாக இருந்தது.

முன் மேஜையில் பிரனோம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வாய்க்குள் விரலை விட்டாள். பல்லிடுக்கிலிருந்து எதையோ இழுத்தாள். இழுக்க இழுக்க வந்தது. வெள்ளை நூல். கடைசியில் முடிச்சு, முடிச்சில் மாட்டிக்கொண்டு வெந்துபோன ஒரு தண்டு.

விகாரை நூலை எங்கள் ஆட்களுக்குத் தெரியாதா? எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கல்யாணப் பெண் தியெப் அம்மாவிடம் கேட்டாள். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் பாஷையில் சொன்னாள்.

"யாரோ குழந்தைங்க முத்தத்துல எலுமிச்சம்புல்லைத் தலைகீழா நட்டு விளையாடியிருந்தாங்களாம். வீணாப்போகுதேன்னு விடியக்காலையில பிடுங்கிக் கொதிக்கிற சட்டியில போட்டுட்டாங்களாம். வாசனை எப்படின்னு கேக்கறாங்க."

"பிடுங்கினப்ப மழை பெய்ஞ்சுதா?" சுமாலீ கேட்டாள். குரல் கீச்சென்றது.

தியெப் கேட்டுச் சொன்னாள். "இல்லயாம். பிடுங்கி உள்ள வந்தாங்களாம், அப்புறம்தான் புடிச்சுதாம்."

எல்லாத் தலையும் பின்வரிசைக்குத் திரும்பியது. லம்யாய்க்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டு ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வரும்வரை இருந்திருந்தால் போதும். மானம் குழம்புச் சட்டியில் பத்திரமாக வெந்துகொண்டிருந்திருக்கிறது. முதலில் சிரித்தது பிம்தான், அடக்க முடியாமல். அதைப் பார்த்து லம்யாய்க்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, அதில் கொஞ்சம் அழுகையும் இருந்தது.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பியா?" என்று புன்மா காதோரம் கேட்டார்.

"மாட்டேன்."

"நெனச்சேன்" என்று சொல்லித் தன் கிண்ணத்திலிருந்த கறித்துண்டை எடுத்து அவள் கிண்ணத்தில் போட்டார்.

பிரனோம் நூலை விரலில் சுற்றிக்கொண்டே பின்வரிசைக்கு வந்து நின்றாள். பின்னால் வர அவளுக்குப் பழக்கமில்லை, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றாள்.

"சின்னவனுக்கும் பொண்ணு பாத்தாச்சு" என்றாள். "நாத்து நடற மாசம்தான் தோது. மழைக்காலம்."

"பிம்மைக் கூப்பிடுங்க" என்றாள் லம்யாய்.

பிம் ஒரு பெரிய கவளத்தை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"அவ எங்க வருவா. ஊர்ல எவளும் வர மாட்டா." பிரனோம் குரலைத் தணித்தாள், அதாவது பக்கத்து வீட்டுக்கு மட்டும் கேட்கும்படி. "நீயே நடு."

"ஊர் போனதும் எனக்கு இவரோட கல்யாணம் ஆயிடுமே அக்கா."

"ஆவட்டும். இத்தனை வருஷம் வானத்துக்குத் தெரியல, இனிமே மட்டும் யாரு போய்ச் சொல்லப்போறா?"

லம்யாய் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள். அந்த ஊர் மழை இன்னும் மூச்சு வாங்கவில்லை. திரும்பிப் பிரனோமைப் பார்த்தாள்.

"நடறேன்" என்றாள். "முன்வரிசையில ரெண்டு நாற்காலி போடணும்."